மதுவும் பாலியல் வன்முறையும்: கல்லூரி மாணவர்களும் குடும்பத்தினரும் அறிய வேண்டியவை

கொல்லிமலையிலிருந்து உயர்கல்விக்காக நாமக்கல், சேலம் போன்ற ஊர்களுக்குச் செல்லும் மாணவர்கள் விடுதிகளிலும் வாடகை அறைகளிலும் தங்குகின்றனர். பிற ஊர் மாணவர்கள் சுற்றுலாவாகக் கொல்லிமலைக்கு வருகின்றனர். இத்தகைய இடங்களில் மது அருந்தும்போது பாலியல் வன்முறை நிகழ்ந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதை இப்பக்கம் விளக்குகிறது.

மதுவின் பங்கு என்ன?

அமெரிக்கக் கல்லூரிகளில் நிகழும் பாலியல் வன்முறைகளில் ஏறத்தாழ பாதியில் மதுவுக்குத் தொடர்பு இருப்பதாக ஆய்வுகள் தெரிவிக்கின்றன. மது, குற்றம் புரிபவரின் தன்னடக்கத்தைக் குறைக்கிறது. பாதிக்கப்படுபவர் ஆபத்தை உணர்ந்து விலகும் திறனையும் குறைக்கிறது. மிகுதியாக மது அருந்தியவர் நடக்கவும் பேசவும் கூடும். ஆயினும் நடந்தவை பின்னர் நினைவில் இராமல் போகலாம். எனவே, நினைவில் இடைவெளி இருப்பதால் அவர் பொய் சொல்கிறார் எனக் கருதக் கூடாது.

குற்றம் யாருடையது?

வன்முறை புரிந்தவருடையது மட்டுமே. பாரதிய நியாய சன்ஹிதாவின் 63-ஆவது பிரிவின்படி, போதையால் நிகழ்வதன் தன்மையையும் விளைவையும் அறிய இயலாத நிலையில் ஒரு பெண் அளிக்கும் இசைவு, இசைவாகாது. தானே விரும்பி மது அருந்தியவர், போதையில் இருந்ததாகக் கூறிக் குற்றப்பொறுப்பிலிருந்து தப்ப இயலாது. 18 வயதுக்குட்பட்டவர்களுக்குப் போக்சோ சட்டம், 2012 பொருந்தும்.

உடனே செய்ய வேண்டியவை

• பாதுகாப்பான இடத்திற்குச் சென்று, நம்பிக்கைக்குரிய ஒருவரைத் துணைக்கு அழையுங்கள்.
• அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். மலைப்பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் இருப்பதால், விடியட்டும் எனக் காத்திராமல் 108 ஆம்புலன்ஸை அழையுங்கள்.
• எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்திற்குள் தொடங்கி, 28 நாள்கள் உட்கொள்ள வேண்டும். அவசரக் கருத்தடை மாத்திரையையும் இயன்ற விரைவில் எடுத்துக்கொள்ள வேண்டும்.
• இயன்றால், பரிசோதனைக்கு முன் குளிக்க வேண்டாம். அணிந்திருந்த உடைகளைத் துவைக்காமல் காகிதப் பையில் வையுங்கள். குளித்துவிட்டிருந்தாலும் மருத்துவமனைக்குச் செல்லத் தயங்காதீர்கள்.
• மது அருந்தியதை மருத்துவரிடம் மறைக்காதீர்கள். பானத்தில் ஏதேனும் கலக்கப்பட்டதாக ஐயம் இருந்தால் அதனையும் கூறுங்கள். இரத்தம், சிறுநீர்ப் பரிசோதனைகள் தாமதமானால் பயன் குறையும்.

உங்கள் உரிமைகள்

அரசு, தனியார் மருத்துவமனைகள் அனைத்தும் உடனடியாக இலவசச் சிகிச்சை அளிக்க வேண்டும். மருத்துவமனை காவல்துறைக்குத் தகவல் தெரிவிக்கும். ஆயினும் புகார் அளித்த பிறகே சிகிச்சை எனக் கூறக் கூடாது. உடற்பரிசோதனைக்கு உங்கள் இசைவு தேவை. இரு விரல் பரிசோதனை செய்யக் கூடாதென உச்ச நீதிமன்றம் 2022-இல் உத்தரவிட்டுள்ளது. எந்தக் காவல் நிலையத்திலும் புகார் அளிக்கலாம்.

குடும்பத்தினருக்கு

"ஏன் குடித்தாய்? ஏன் அங்கே போனாய்?" எனக் கேட்காதீர்கள். கண்டிப்புக்கு அஞ்சியே பலர் சிகிச்சைக்குரிய நேரத்தை இழக்கின்றனர். "உன்மேல் தவறில்லை; நாங்கள் உடனிருக்கிறோம்" எனக் கூறுங்கள். உறக்கமின்மை, அச்சம், தற்கொலை எண்ணம் ஆகியவை தென்பட்டால் தனியே விடாமல் மனநல உதவியை நாடுங்கள்.

உதவி எண்கள்: அவசர உதவி 112, மகளிர் 181, குழந்தைகள் 1098, மனநலம் 14416.