புறம்போக்கு

'புறம்', 'போக்கு' சேர்ந்த சொல். தீர்வைக் கணக்குக்குப் புறத்தே விடப்பட்ட நிலம் என்று பொருள். ஆங்கிலேயர் கால வருவாய்ப் பதிவேடுகளும் இச்சொல்லையே எடுத்துக்கொண்டன. ஏரி, வாய்க்கால், மேய்ச்சல் தரை, களம், சுடுகாடு எல்லாம் இதில் அடக்கம். ஊருக்கே பொது என்பதால்தான் வரி இல்லை. பயனற்றவை என்பதால் அல்ல. ஏரியைக் குறித்த சொல் மனிதரைத் திட்டும் வசவாகத் தேய்ந்தது பெருங்கொடுமை.

புறம்போக்கில் குடியிருப்புக்குப் பட்டா தருவதென்றால் முதலில் நிலத்தின் வகைப்பாட்டை மாற்ற வேண்டும். நீர்நிலைகள் 'ஆட்சேபகரமான புறம்போக்கு'. அவற்றில் இந்த மாற்றம் கூடாது. 2011இல் ஜக்பால் சிங் வழக்கில், ஊர்ப் பொதுநில ஆக்கிரமிப்புகளை அகற்றத் திட்டம் வகுக்குமாறு உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலங்களுக்கும் ஆணையிட்டது. மனை வாங்குவோர் கிராமக் கணக்கின் 'அ' பதிவேட்டில் புல எண்ணுக்கு எதிரே 'புறம்போக்கு' என்ற சொல் இருக்கிறதா என்று அவசியம் பார்க்க வேண்டும்.