சஸ்பென்ஸ் கணக்கில் ஒரு பண்ணை வீடு

அமெரிக்காவில் கான்ஸாஸ் என்றொரு மாகாணம். கோதுமை வயல், மாட்டுப் பண்ணை, கண்ணுக்கு எட்டிய வரை சமவெளி. அதற்குள் பாட்வின் என்று ஒரு குட்டி ஊர். மொத்த ஜனத்தொகையே ஐந்நூறைத் தொடாது. ஊருக்கு அருகே 360 ஏக்கரில் ஒரு பண்ணை. நூறு வருஷத்துக்கும் மேலாக ஒரே குடும்பத்தின் கையில் இருந்த நிலம். எண்பது வயதைத் தாண்டிய பாட்டி ஒருவர்தான் கடைசியில் அதற்குச் சொந்தக்காரர். வீட்டை வாடகைக்கு விட்டிருந்தார்.

2011-ல் புதிதாகக் குடிவந்தவர்கள் பெட்டி படுக்கையைப் பிரித்து வைத்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. ஷெரீஃப் அலுவலகத்திலிருந்து இரண்டு பேர் வந்து கதவைத் தட்டினார்கள். திருட்டுப் போன லாரி ஒன்று இங்கே இருக்கிறதா?

அதோடு விட்டதா என்றால், இல்லை. எஃப்.பி.ஐ. வந்தது. வரி வசூல் அதிகாரிகள் வந்தார்கள். வீட்டை விட்டு ஓடிப்போன பிள்ளைகளைத் தேடி போலீஸ் வந்தது. தற்கொலை செய்துகொள்ளப் போவதாகச் சொன்ன முன்னாள் ராணுவ வீரர்களைத் தேடி ஆம்புலன்ஸ் வந்தது. இணையத்தில் ஏமாந்தவர்கள், 'மோசடிப் பேர்வழி இங்கேதான் இருக்கிறான்' என்று நேரிலேயே வந்து நின்றார்கள். யாரோ ஒரு புண்ணியவான் உடைந்த கழிப்பறைப் பீங்கானைக் கொண்டுவந்து வாசல் பாதையில் போட்டுவிட்டுப் போனார். கடைசியில் உள்ளூர் ஷெரீஃபே, 'இந்த வீட்டுப் பக்கம் போகாதீர்கள், சந்தேகம் இருந்தால் என்னைக் கேளுங்கள்' என்று பாதையின் முனையில் ஒரு பலகை வைக்க வேண்டியதாயிற்று.

ஏன் இப்படி? பாட்டிக்கும் தெரியாது, ஷெரீஃபுக்கும் தெரியாது. 2016 ஏப்ரலில் காஷ்மீர் ஹில் என்ற பத்திரிகையாளர் ஃப்யூஷன் இதழில் எழுதிய கட்டுரையில்தான் விஷயம் வெளியே வந்தது. அதைப் புரிந்துகொள்ள நாம் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

இணையத்தில் சேரும் ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் ஒரு எண் வேண்டும். ஐ.பி. முகவரி என்பார்கள். முகவரி என்ற பெயரே வம்பு. 044 என்றால் சென்னை, 0422 என்றால் கோயம்புத்தூர் என்று தொலைபேசி எண்ணைப் பார்த்தே சொல்லிவிடுகிறோம் இல்லையா? ஐ.பி. எண்ணில் அப்படி எந்தச் சங்கதியும் கிடையாது. ஆரம்ப காலத்தில் எந்த நிறுவனத்துக்கு எந்த எண் வரிசை என்று ஜான் போஸ்டல் என்ற ஒரே மனிதர் பதிவு வைத்திருந்தார். பிறகு ஐரோப்பாவுக்கு, ஆசியாவுக்கு, அமெரிக்காவுக்கு என்று தனித்தனிப் பதிவகங்கள் வந்தன. ஆனாலும் பேரேட்டில் இருந்தது ஒன்றுதான்: எண்ணை வாங்கியவர் யார், அவருடைய ஆபீஸ் எங்கே. எண்ணை உபயோகிக்கிற ஆசாமி எந்த ஊரில் உட்கார்ந்திருக்கிறார் என்பது அதில் இல்லை. யாரும் கேட்கவும் இல்லை.

முதலில் உரக்கக் கேட்டது ஒரு பிரெஞ்சு நீதிமன்றம். 2000-ம் வருஷம். யாஹூவின் ஏல தளத்தில் நாஜிச் சின்னங்கள் விற்பனைக்கு வந்தன. பிரான்ஸில் அது குற்றம். பிரெஞ்சுக்காரர்களுக்கு மட்டும் அதைக் காட்டாமல் மறைக்க முடியுமா என்று நீதிபதி ழான் ழாக் கோமெஸ் கேட்டார். முடியாது என்றது யாஹூ. நீதிபதி மூன்று நிபுணர்களை நியமித்தார். அதில் ஒருவர் விண்டன் செர்ஃப். இணையத்தின் தந்தையருள் ஒருவர். பிரான்ஸில் இருப்பவர்களில் சுமார் எழுபது சதவிகிதம் பேரை ஐ.பி. எண்ணை வைத்து அடையாளம் காணலாம் என்று அறிக்கை வந்தது.

சரி, மிச்சம் முப்பது? அங்கேதான் கம்பெனி நெட்வொர்க் என்கிற பூதம் தலை நீட்டியது. ஏ.ஓ.எல். வாடிக்கையாளர் பாரிஸில் உட்கார்ந்திருப்பார். அவருடைய எண்ணைப் பார்த்தால் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் இருப்பதாகச் சொல்லும். ஏனென்றால் கம்பெனியின் எண்கள் அங்கே பதிவானவை. இருபது நாடுகளில் கிளை வைத்திருக்கும் எந்த நிறுவனத்துக்கும் இதே கதிதான். அத்தனை ஊழியர்களும் தலைமை அலுவலகத்தின் வாசல் வழியாக இணையத்துக்குள் போனால், வெளியிலிருந்து பார்ப்பவனுக்கு எல்லோரும் ஒரே ஊர்க்காரர்கள்.

நிபுணர்களில் இன்னொருவரான பென் லாரி, தீர்ப்பு வந்த மறுநாளே 'ஒரு நிபுணரின் மன்னிப்பு' என்ற தலைப்பில் எழுதினார். இது துல்லியமான வித்தை அல்ல என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. ஆனால் கதவு திறந்தாகிவிட்டது. விளம்பரக் கம்பெனிக்கு இடம் தெரிய வேண்டும், வங்கிக்குத் தெரிய வேண்டும், போலீஸுக்கும் தெரிய வேண்டும். தேவை என்று வந்துவிட்டால் கடை திறக்க ஆளா இல்லை?

அப்படித் திறந்த கடைகளில் ஒன்று மேக்ஸ்மைண்ட். அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் 2002-ல் தொடங்கியது. பதிவகத்தின் பேரேடு, வழியிலுள்ள ரௌட்டர்களின் பெயர், பதில் வந்து சேர எடுக்கும் நேரம் என்று கிடைத்ததையெல்லாம் கூட்டிக் கழித்து, இந்த எண் இந்த ஊர் என்று ஊகித்துப் பட்டியல் போடுவதுதான் இந்தத் தொழில். ஊகம் பல சமயம் சரியாகவே இருக்கும். சில எண்களுக்கு மட்டும், அமெரிக்காவில் எங்கேயோ இருக்கிறது என்பதற்கு மேல் ஒன்றும் தெரியாது. அவற்றை என்ன செய்வது?

நான் படித்தது பி.காம். கணக்கு டேலி ஆகவில்லை என்றால் வித்தியாசத்தைத் தூக்கி சஸ்பென்ஸ் அக்கவுண்ட்டில் போடு என்று சொல்லிக்கொடுப்பார்கள். கூடவே இன்னொன்றும் சொல்வார்கள். அது தற்காலிகம், தப்பைக் கண்டுபிடித்து அந்தக் கணக்கை மூடினால்தான் வேலை முடிந்தது என்று அர்த்தம்.

மேக்ஸ்மைண்ட் செய்ததும் அதுதான். ஊர் தெரியாத எண்களை நாட்டின் நடுமத்தியில் வைத்தார்கள். அமெரிக்காவின் பூகோள மையம் கான்ஸாஸின் வட எல்லைக்குப் பக்கத்தில் இருக்கிறது. அட்சரேகை 39.83, தீர்க்கரேகை மைனஸ் 98.58 என்று நீளமான தசம எண்கள். பார்க்க லட்சணமாக இல்லை என்று 38, மைனஸ் 97 எனச் சுருக்கினார்கள். காகிதத்தில் சின்னத் திருத்தம். தரையில் இருநூறு கிலோமீட்டருக்கும் மேல். அந்தப் புள்ளி போய் விழுந்த இடத்துக்குப் பக்கத்தில்தான் பாட்டியின் வீடு.

2016 வாக்கில் அந்தச் சஸ்பென்ஸ் கணக்கில் எத்தனை எண்கள் சேர்ந்திருந்தன தெரியுமா? 60 கோடி! எங்கோ ஒருவன் மோசடி மெயில் அனுப்புவான். ஏமாந்தவர் எண்ணைத் தேடுவார். வரைபடம் பண்ணை வீட்டைக் காட்டும். எங்கள் பட்டியல் ஊர் வரைக்கும்தான், வீட்டைக் கண்டுபிடிக்க அல்ல என்று எப்போதும் சொல்லி வந்திருக்கிறோம் என்றது கம்பெனி. நியாயம்தான். ஆனால் 'எனக்குத் தெரியாது' என்று சொல்லத் தெரியாத ஒரு வரைபடத்தை விற்றது யார்?

சரி, தப்பென்று தெரிந்தால் திருத்திவிடலாமே என்பீர்கள். யாரிடம் போய்த் திருத்துவது? இந்தத் தொழிலில் ஒரு கடை இல்லை, பல கடைகள். ஒவ்வொன்றும் தனித்தனியாக ஊகிக்கிறது. ஒரு கம்பெனி தன் எண்களை வேறு ஊருக்கு மாற்றினால் அதன் நெட்வொர்க் இஞ்சினியர் ஒவ்வொரு கடைக்கும் மனு எழுத வேண்டும். எந்தக் கடையின் பட்டியலை எந்த வங்கி வாங்கி வைத்திருக்கிறது என்பது அவருக்குத் தெரியாது.

எண்கள் தட்டுப்பாடானதும் இது இன்னும் மோசமானது. பழைய முறையில் மொத்தமே சுமார் 430 கோடி எண்கள்தான். கையிருப்பின் கடைசிக் கட்டுகள் 2011 பிப்ரவரியில் பதிவகங்களுக்குப் பங்கு பிரிக்கப்பட்டன. அதற்குப் பிறகு எண்கள் கைமாறத் தொடங்கின, மனை மாதிரி. அதே ஆண்டில் திவாலான நார்ட்டெல் கம்பெனியிடமிருந்து 6,66,624 எண்களை 75 லட்சம் டாலருக்கு வாங்கியது மைக்ரோசாஃப்ட். எண் ஒன்று பதினொரு டாலர் சொச்சம். நிலம் கைமாறினால் பட்டா மாற்றலாம். இங்கே ஊகப் பட்டியலில் பெயரும் ஊரும் மாற எத்தனை நாளாகும் என்பது பட்டியல்காரரின் சௌகரியம்.

2014 ஜூனில் மைக்ரோசாஃப்ட்டே இதில் மாட்டிக்கொண்டது. அமெரிக்காவுக்கான எண்கள் தீர்ந்துபோனதால், அங்கேயுள்ள தன் அஸ்யூர் சர்வர்களுக்கு வேறு நாட்டு எண்களை எடுத்துக் கொடுத்தது. சர்வர் அமெரிக்க மண்ணில் இருக்க, வாடிக்கையாளர்களைச் சில வலைத்தளங்கள் பிரேசில்காரர்கள் என்று நினைத்து வரவேற்றன. பட்டியல் கம்பெனிகளிடம் திருத்தச் சொல்லியிருக்கிறோம் என்று மைக்ரோசாஃப்ட் விளக்கம் கொடுத்தது. அத்தனை பெரிய கம்பெனியும் வரிசையில் நின்று கேட்கத்தான் வேண்டியிருந்தது.

எண்ணுக்குச் சொந்தக்காரனே ஊரைச் சொல்லிவிட்டால் என்ன? கேட்டால் சிறுபிள்ளைக்கும் தோன்றும் யோசனை. அதற்கு ஒரு முறைப்படி ஆவணம் வர 2020 ஆகஸ்ட் வரை ஆனது. ஆர்.எஃப்.சி. 8805. ஜியோஃபீட் என்று பெயர். பிரமாதமான தொழில்நுட்பம் ஒன்றும் இல்லை. ஒரு சாதாரணக் கோப்பு. வரிக்கு ஒரு எண் தொகுதி, கமா, நாடு, கமா, மாநிலம், கமா, ஊர். அவ்வளவுதான். அந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்பதைப் பதிவகத்தின் பேரேட்டிலேயே குறித்து வைக்க வழி சொல்லும் இன்னொரு ஆவணம் 2021-ல் வந்தது.

ஆனால் கோப்பைப் படித்தே ஆகவேண்டும் என்ற கட்டாயம் எந்தக் கடைக்கும் இல்லை. படித்தாலும் அப்படியே நம்ப முடியாது. எழுதுகிறவன் பொய்யும் எழுதலாம் அல்லவா? ஆகவே சரிபார்க்கிறோம் என்று சொல்லிவிட்டு அவர்கள் மறுபடி ஊகிக்கத்தான் செய்கிறார்கள்.

கான்ஸாஸுக்கு வருவோம். ஹில் கேட்ட பிறகு மேக்ஸ்மைண்ட் அந்தப் புள்ளியை நகர்த்தியது. எங்கே? விசிட்டா நகரத்துக்கு மேற்கே ஓர் ஏரியின் நடுவில். கணக்கு மூடப்படவில்லை, வேறு பக்கத்தில் எழுதப்பட்டது. பட்டியலை என்றைக்கோ இறக்கி வைத்துக்கொண்டு புதுப்பிக்காமல் விட்டவர்களிடம் பழைய புள்ளி அப்படியே இருந்தது. பண்ணையில் குடியிருந்தவர்கள் 2016 ஆகஸ்டில் மேக்ஸ்மைண்ட் மீது வழக்குப் போட்டார்கள். மனுவில் அவர்கள் முதலில் சொன்னது, அந்தத் திருட்டு லாரியைத் தேடி வந்த இரண்டு பேரைப் பற்றி.