தாம்பரத்து ஆலோசனை அறையும் கண்ணாடி வளையலும்

டாக்டர் டேவிட் சௌரி முத்து 1928இல் நிறுவி, 1937இல் அரசு ஏற்றுக்கொண்ட தாம்பரம் காசநோய் மருத்துவமனை, நல்ல காற்றும் சத்துணவும் ஓய்வுமே மருந்தாக இருந்த காலத்தில் எழுந்தது. இத்தகைய மருத்துவமனையைக் குறிக்கும் 'சானடோரியம்' என்ற சொல் அங்குள்ள ரயில் நிலையத்தின் பெயரிலும் நிலைத்துவிட்டது. சென்னையில் 1986இல் எச்.ஐ.வி. கண்டறியப்பட்டதைத் தொடர்ந்து, 1990களில் அத்தொற்று உடையோர் இங்கு பெருகியபோது, மருத்துவர், செவிலியர் என்ற பழைய வரிசையில் ஆலோசகர் என்னும் புதிய பணியாளரும் சேர்ந்தார். 2004 ஏப்ரலில் எச்.ஐ.வி.க்கான இலவசக் கூட்டுமருந்துச் சிகிச்சையைத் தொடங்கிய நாட்டின் முதல் மையங்களுள் தாம்பரமும் ஒன்று.

தமிழகத்தில் 'நம்பிக்கை மையம்' என வழங்கும் எச்.ஐ.வி. பரிசோதனை நிலையத்தில் ஆலோசகர் கருவுற்றிருக்கும் நிலை தனிக் கவனத்துக்குரியது. வளைகாப்பு முடிந்து அவர் பணிக்குத் திரும்பினால், பதிவேட்டில் எழுதும் கையில் கண்ணாடி வளையல்கள் ஒலிக்கும். மேசைக்கு எதிரே அமர்ந்திருப்பவரோ, தன் வயிற்றுப் பிள்ளைக்கும் தொற்று வருமோ என்று கலங்கி, முடிவுக்காகக் காத்திருக்கும் கர்ப்பிணியாகவே இருக்கலாம்.

மேலைநாட்டு உளப்பகுப்பாய்வில், சிகிச்சையாளர் தம் வாழ்க்கையை வெளிக்காட்டலாகாது என்பது நெடுநாள் விதி. உளப்பகுப்பாய்வாளர் ரூத் லாக்ஸ் 1969இல் வெளியிட்ட கட்டுரை, சிகிச்சையாளரின் கர்ப்பம் நோயாளியின் பழைய தாய், உடன்பிறப்பு உறவுகளைக் கிளறி, அவ்வுணர்வுகளைச் சிகிச்சையாளர்மீதே ஏற்றச் செய்வதைக் காட்டியது. இதனை 'உணர்வு இடமாற்றம்' எனலாம். தாம்பரத்திலோ, "எத்தனை மாசம்மா?" என்று கேட்பது இயல்பான பரிவு; அதற்கு மௌனம் காத்தால், அது தொழில்நெறியாக அன்றி அவமதிப்பாகவே கொள்ளப்படும். ஆயினும் அக்கேள்விக்குள் வாழ்த்தோடு ஏக்கமும் பொறாமையும் கலந்திருக்கக்கூடும். அதைக் கேட்டுணர்வதே ஆலோசகரின் கடினமான பணி.

இங்குதான் மேற்பார்வை தேவைப்படுகிறது. அலுவலக வழக்கில் இச்சொல் பதிவேடு சரிபார்ப்பைக் குறிக்க, மனநலத் தொழிலிலோ ஆலோசகர் தம் உள்ளத்துத் தடுமாற்றங்களை மூத்தவரோடு பேசித் தெளிவதைக் குறிக்கிறது. எதிரே இருப்பவர் கலங்கும்போது தாம் மட்டும் நல்ல செய்தி பெற்ற குற்றவுணர்வையும், காசநோய் வளாகத்தில் தம் கருவைப் பற்றிய அச்சத்தையும் பேச இடமில்லாவிட்டால், முதல் பொருளில் மட்டுமே மேற்பார்வை நடந்ததாகும்.

1961ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம், 2017 திருத்தத்தால், முதல் இரு குழந்தைகளுக்குரிய 12 வார விடுப்பை 26 வாரமாக்கியது. இவ்விடுப்பில் ஆலோசகர் தாய்வீடு செல்வதை நோயாளிகள் எளிதில் ஏற்பர். ஆனால், தங்கள் இரகசியத்தை இன்னொருவரிடம் முதலிலிருந்து சொல்வதற்கே தயங்குவர். ஆகவே, அடுத்துப் பொறுப்பேற்பவரை, முன்னவர் அறையில் இருக்கும்போதே பக்கத்து நாற்காலியில் அமர்த்தி அறிமுகம் செய்வது மேற்பார்வையாளரின் கடமையாகிறது.