பிடியரியும் பள்ளிக்கூடமும்: கேரளக் கத்தோலிக்கத் தொடக்கப்பள்ளிகளில் பெற்றோர் பங்கேற்பு

பள்ளி என்னும் சொல் தமிழில் இன்று கல்விக்கூடத்தையும் மலையாளத்தில் வழிபாட்டிடத்தையும் குறிக்கிறது. சமண, பௌத்தத் துறவியரின் உறைவிடத்தைக் குறித்த இச்சொல், அவர்கள் எழுத்தறிவித்த காரணத்தால் கல்விப் பொருள் பெற்றது என்பர். மலையாளத்தில் அது கிறித்தவ, இசுலாமிய வழிபாட்டிடங்களின் பெயராக நிலைபெற்றது. ஆயினும் பள்ளிக்கூடம் என்னும் தொடர் இருமொழிக்கும் பொதுவாகவே நின்றுவிட்டது. கேரளத்தில் பள்ளியையும் பள்ளிக்கூடத்தையும் ஒரே வளாகத்தில் பரவலாக இணைத்தது 19ஆம் நூற்றாண்டின் கத்தோலிக்கத் திருச்சபையாகும். அவ்வாறு எழுந்த தொடக்கப்பள்ளிகளைப் பற்றிய எழுத்துகள் நிறுவியவர், நிருவாகம், மானியம், வழக்கு ஆகியவற்றையே பெரிதும் பேசுகின்றன. பிள்ளைகளை அனுப்பிய குடும்பங்கள் அப்பள்ளிகளை எவ்வாறு தாங்கின, தாங்கியவர்களுக்கு அவற்றில் எவ்வளவு சொல்லுரிமை இருந்தது என்பன தனியே நோக்கத்தக்கவை. இக்கட்டுரை அவற்றை ஆராய்கிறது.

ஆசானும் குடும்பமும்

திருச்சபைப் பள்ளிகள் தோன்றுமுன் கேரளத்துச் சிரியன் கிறித்தவப் பிள்ளைகள் ஆசானின் எழுத்துப்பள்ளியிலேயே பயின்றனர். மணலில் விரலால் எழுதித் தொடங்கி ஓலைக்கு வரும் முறை, தமிழகத்துத் திண்ணைப்பள்ளியின் உடன்பிறப்பு எனலாம். ஆசானுக்கு வாழ்வளித்தவர் பெற்றோரே. நெல்லும் எண்ணெயும் விழாக்காலக் காணிக்கையுமாக அவர் பெற்ற ஊதியம் குடும்பங்களிலிருந்து நேரே வந்தது. ஆசான் பெற்றோர்க்குக் கட்டுப்பட்டிருந்ததற்கு வேறு சட்டம் தேவைப்படவில்லை.

1599ஆம் ஆண்டு உதயம்பேரூர்ச் சங்கத்தின் விதிகள் இந்நிலையை எதிர்மறையாகக் காட்டுகின்றன. வேற்றுச் சமயச் சடங்கைக் கட்டாயமாக்கும் ஆசானிடம் கிறித்தவப் பிள்ளைகளை அனுப்பலாகாது என்று அச்சங்கம் தடுத்தது. கிறித்தவ ஆசான்கள் தம்மிடம் பயிலும் இந்துப் பிள்ளைகளுக்காகப் பள்ளியில் தெய்வ உருவங்களை வைப்பதையும் அது விலக்கியது. விலக்கப்பட்டவற்றைக் கொண்டு வழக்கில் இருந்தவற்றை உய்த்துணரலாம். இருசமயப் பிள்ளைகளும் ஒரே ஆசானிடம் பயின்றனர். இருசமயப் பெற்றோரும் அதனை ஏற்றிருந்தனர். பள்ளியைக் குடும்பத்தின் பிடியிலிருந்து திருச்சபையின் பொறுப்புக்குக் கொணரும் முயற்சியின் முதல் எழுத்துச் சான்றுகளுள் ஒன்றாக இவ்விதிகளைக் கொள்ளலாம்.

தென்தமிழகக் கடற்கரையில் அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே வேறொரு முறை நடந்திருந்தது. முத்துக்குளித்துறைப் பரதவரிடையே 1542 முதல் பணியாற்றிய புனித பிரான்சிசு சவேரியார், தாம் கற்பித்த மந்திரங்களை வீட்டிற்குச் சென்று பெற்றோர்க்கும் அண்டை வீட்டார்க்கும் கற்பிக்குமாறு பிள்ளைகளைப் பணித்ததை 1544ஆம் ஆண்டு மடலொன்றில் குறிப்பிடுகிறார். அங்கே பிள்ளையே ஆசிரியன், பெற்றோர் மாணாக்கர். 1578இல் கொல்லத்தில் அச்சேறிய ‘தம்பிரான் வணக்கம்’ அத்தகைய போதனையின் தேவையிலிருந்து பிறந்த நூலாகும். தமிழ் அச்சு வரலாற்றில் முதன்மை பெறும் அந்நூலின் பயன்பாட்டிடம் கடலோரச் சிற்றூர்களின் சிறுவர் கூட்டம் என்பது பலகாலும் மறக்கப்படுகிறது.

சாவருள்

குட்டநாட்டுக் கைனகரியில் 1805இல் பிறந்த குரியாக்கோஸ் ஏலியாஸ் சாவறையும் முதலில் ஊர் ஆசானிடம் எழுத்தறிந்தவரே. 1831இல் மான்னானத்தில் துறவு இல்லம் அமையத் துணைநின்ற அவர், 1846இல் அங்கு வடமொழிப் பள்ளியொன்றை ஏற்படுத்தினார். அதே ஆண்டில் அங்கு அச்சகமும் இயங்கத் தொடங்கியது. 1861இல் சிரியன் கத்தோலிக்கரின் முதன்மைக் குருவாக அவர் அமர்த்தப்பட்டார். ஒவ்வொரு பள்ளியோடும் ஒரு பள்ளிக்கூடம் வேண்டும் என்னும் ஆணையை 1864இல் அவர் பிறப்பித்தார் என ஒரு சாராரும், வராப்புழை ஆயர் பெர்னார்டின் பச்சினெல்லி 1856இலேயே பிறப்பித்தார் எனப் பிறிதொரு சாராரும் கூறுவர். முதன்மை யாருக்கு என்னும் இவ்விவாதம் இரு வழிபாட்டு மரபினரிடையே இன்றும் ஓயவில்லை. ஆணையால் மட்டும் பள்ளிக்கூடம் எழுவதில்லை என்பதை இருசாராரும் போதிய அளவு கருதியதாகத் தெரியவில்லை.

பெற்றோர் பங்கை அறிய ஆணையைவிடப் பயன்தரும் சான்று, 1868 பிப்ரவரியில் சாவறை தம் ஊரார்க்கு எழுதிய ‘ஒரு நல்ல அப்பன்றெ சாவருள்’ என்னும் மடலாகும். சாவு, அருள் என்னும் இரு சொற்களும் தமிழர்க்குப் புதியன அல்ல. இறுதிவேளையில் தந்தை உரைக்கும் வாக்கு என்பது பொருள். குடும்ப ஒழுங்கு பற்றி 24 விதிகளும் பிள்ளை வளர்ப்புப் பற்றி 16 விதிகளும் அதில் உள்ளன. பருவம் வந்ததும் பிள்ளைகளைக் கற்க அனுப்புதல், அவர்களுடைய படிப்பையும் தோழமையையும் உசாவுதல், ஞாயிறுதோறும் கற்றதைச் சோதித்தல் ஆகியவை பெற்றோரின் கடமைகளாக வகுக்கப்பட்டுள்ளன. மிகுந்த கண்டிப்பும் மிகுந்த செல்லமும் ஒருங்கே விலக்கப்படுகின்றன. பிள்ளை இறைவன் ஒப்படைத்த அடைக்கலப் பொருள். அதற்குக் கணக்குக் கொடுக்க வேண்டியவர் பெற்றோர் என்பதே மடலின் அடிப்படை. பள்ளிக்கூடத்திடம் பெற்றோர் எதனைக் கேட்கலாம் என்பது அதில் இல்லை. கடமை விரிவாகப் பேசப்பட்டு உரிமை பேசப்படாமை அக்காலத்துக்கு இயல்பு. பின்னைய வரலாற்றுக்கும் அது ஒரு முன்குறிப்பு.

பிடியரி

சாவறையின் பெயரோடு இணைத்துப் பேசப்படும் மற்றொன்று பிடியரி. உலையிலிட அரிசியை அளக்கும்போது ஒரு பிடியைத் தனிக்கலத்தில் இட்டுவைத்தல், சேர்ந்ததைக் குறித்த நாளில் பள்ளிக்குக் கொடுத்தல் என்பதே இதன் செயல்முறை. இவ்வாறு திரண்ட அரிசி, ஏழைப் பிள்ளைகளின் நண்பகல் உணவுக்கும் பிற அறப்பணிகளுக்கும் பயன்பட்டது. ஆர்ப்பூக்கரையில் புலையர் பிள்ளைகளுக்கென அமைந்த பள்ளிக்கும் இவ்வகை உதவி சென்றதாக அவருடைய வாழ்க்கை வரலாறுகள் குறிப்பிடுகின்றன. தமிழகத்திலும் பிடியரிசி என்னும் பெயரில் கோயில் சார்ந்தும் சபை சார்ந்தும் இவ்வழக்கம் உண்டு. மிசோரம் சபைப் பெண்டிரிடமும் இத்தகைய வழக்கம் வேரூன்றியுள்ளது.

பிடியரியின் சிறப்பு அதன் அளவில் இல்லை. நிலமுடையவர் தரும் நன்கொடை ஆண்டுக்கொருமுறை, பெயர் குறித்துத் தரப்படுவது. பிடியரியோ நாள்தோறும் ஒவ்வோர் அடுப்படியிலும் பெயரின்றி ஒதுக்கப்படுவது. அதனை ஒதுக்கியவள் தாய். பஞ்ச காலத்தில் அந்த ஒரு பிடி, வீட்டில் யாரோ ஒருவரின் கலத்திலிருந்து குறைந்திருக்கும். பெரும்பாலும் அது அவளுடைய கலமாகவே இருந்திருக்கும் என்று ஊகிப்பதில் தவறில்லை.

பள்ளிக்கூடத்தைப் பற்றி முடிவெடுத்த இடமோ வேறு. சிரியன் கிறித்தவர் மரபில் பங்கின் சொத்தையும் செலவையும் கவனித்தது பள்ளியோகம் என்னும் அவை. குடும்பத் தலைவர்களான ஆடவர் கூடும் அவை அது. கைக்காரன் எனப்படும் பொறுப்பாளரைத் தேர்ந்ததும், கட்டடத்துக்குத் தடியும் கல்லும் ஆளும் திரட்டியதும் அவ்வவையே. பெண்டிர்க்கு அங்கு நெடுங்காலம் இருக்கை இல்லை. புலையர், பறையர் சமூகங்களிலிருந்து திருச்சபையில் சேர்ந்தோர்க்கும் இல்லை. ஆகவே பிடியரி கொடுத்த கையும், பிடியரிக் கஞ்சி உண்ட பிள்ளையின் பெற்றோரும் முடிவெடுக்கும் அவைக்கு வெளியிலேயே நின்றனர். இப்பள்ளிகளைச் சமுதாயப் பள்ளிகள் எனப் போற்றும்போது, சமுதாயம் என்பதனுள் யார் யார் அடங்கினர் என்று கேட்பது கட்டாயமாகிறது.

மானியமும் போராட்டமும்

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் திருவிதாங்கூர் அரசின் மானியம் தனியார் பள்ளிகளுக்குக் கிடைக்கத் தொடங்கியது. மானியத்தோடு மேற்பார்வையாளரும் பாடத்திட்டமும் பதிவேடும் வந்தன. குடும்பங்களின் பொருளுதவி படிப்படியாகக் கட்டடத்துக்கும் விழாவுக்குமாகச் சுருங்கியது. பங்குதோறும் தனித்தனியே நடந்த பள்ளிகள் பல, பின்னர் மறைமாவட்ட அளவிலான கூட்டு நிருவாகத்தின் கீழ்ச் சென்றன. பள்ளியோகத்தின் பிடியும் இதனால் தளர்ந்தது.

எனினும் அரசோடு மோதல் எழுந்தபோதெல்லாம் பெற்றோர் முன்னிறுத்தப்பட்டனர். தொடக்கக் கல்வியை அரசே ஏற்கும் சர் சி. பி. இராமசாமி ஐயரின் திட்டத்தை எதிர்த்து, சங்ஙனாசேரி ஆயர் ஜேம்ஸ் காளாசேரி 1945இல் சுற்றுமடல் வெளியிட்டார். அதனைத் திரும்பப்பெறுமாறு அரசு வற்புறுத்தியும் அவர் இணங்கவில்லை. 1957இல் கல்வி அமைச்சர் சோசப் முண்டசேரி கொணர்ந்த கல்வி மசோதா, ஆசிரியர் ஊதியத்தை அரசே நேரடியாக வழங்கவும், அரசுத் தேர்வாணையப் பட்டியலிலிருந்தே ஆசிரியரை அமர்த்தவும் வகைசெய்தது. முண்டசேரியும் கத்தோலிக்கரே என்பது ஈண்டுக் கருதத்தக்கது. 1958இல் உச்ச நீதிமன்றம் குடியரசுத் தலைவருக்கு அளித்த கருத்துரை, 1959இன் விமோசனப் போராட்டம், அவ்வாண்டு சூலை 31இல் அமைச்சரவை நீக்கம் ஆகியவை அரசியல் வரலாற்றில் விரிவாகப் பேசப்பட்டவை. பிள்ளைக்கு எத்தகைய கல்வி என்பதை முடிவுசெய்யும் முதல் உரிமை பெற்றோருடையது என்பது திருச்சபை முன்வைத்த வாதங்களுள் தலையாயது. 1929இல் பதினோராம் பத்திநாதரின் கல்விச் சுற்றுமடலிலும் வலியுறுத்தப்பட்ட கொள்கை அது. அப்போராட்டத்தில் தாய்மாரும் பெருந்திரளாகத் தெருவுக்கு வந்தனர். ஆசிரியர் நியமனம் மேலாளர் கையில் இருக்கவேண்டும் என்பதற்காக அவர்கள் போராடினர். அந்நியமனத்தில் தமக்கும் ஒரு சொல் வேண்டும் என்று கேட்கவில்லை, கேட்குமாறு யாரும் அவர்களைத் தூண்டவுமில்லை.

சட்டம் கூறும் பெற்றோர்

1983இன் திருச்சபைச் சட்டத்தொகுப்பு இதில் தெளிவாகவே உள்ளது. பெற்றோரும் ஆசிரியரும் நெருங்கி ஒத்துழைக்க வேண்டும், பெற்றோர் சொல்வதை ஆசிரியர் விருப்பத்துடன் கேட்க வேண்டும், பெற்றோர் சங்கங்களோ கூட்டங்களோ ஏற்படுத்தப்பட்டு உயர்வாக மதிக்கப்பட வேண்டும் என்று அதன் 796ஆம் விதி பணிக்கிறது.

நாட்டின் சட்டம் மேலும் ஓரடி சென்றது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவிபெறும் பள்ளிகளிலும் மேலாண்மைக் குழுக்களை விதித்தது. உறுப்பினரில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவோ காப்பாளராகவோ இருத்தல் வேண்டும்; நலிந்த பிரிவினரின் பெற்றோர்க்கு அவர்தம் விகிதப்படி இடம் வேண்டும்; குழுவில் பாதியினர் பெண்கள். பள்ளியோகத்துக்கு வெளியே நின்ற இருசாராரையும் ஒருங்கே உள்ளழைத்த விதி இது. ஆனால் 2012இன் திருத்தம், சிறுபான்மைப் பள்ளிகளில் இக்குழு அறிவுரை கூறும் அளவோடு நிற்கும் என வரையறுத்தது. 2014 மே மாதம் உச்ச நீதிமன்றத்தின் அரசியலமைப்பு அமர்வு, பிரமதி அறக்கட்டளை வழக்கில், சிறுபான்மைப் பள்ளிகளுக்கு இச்சட்டமே பொருந்தாது என்று தீர்ப்பளித்தது. 2025 செப்டம்பரில் இருநீதிபதிகள் அமர்வு அத்தீர்ப்பின் சரியான தன்மையை ஐயுற்று, பெரிய அமர்வின் ஆய்வுக்காகத் தலைமை நீதிபதியிடம் அனுப்பியது. 1958இல் அரசுக்கு எதிராக நிறுவனம் பெற்ற பாதுகாப்பு, 2014இல் தன் பிள்ளையின் பள்ளியில் இருக்கை கேட்கும் பெற்றோர்க்கு எதிராகவும் பயன்படத்தக்கதாயிற்று என்பது சிறுபான்மை உரிமையை மறுக்கும் கூற்றன்று. உரிமை யாருக்காக வழங்கப்பட்டதோ அச்சமூகத்தின் குடும்பங்களே இதனை எழுப்பமுடியும்.

கேரளத்து உதவிபெறும் தொடக்கப்பள்ளிகளில் பெற்றோர் ஆசிரியர் கழகமும் தாய்மார்க்கென ஒரு கழகமும் உள்ளன. 1984இல் கடலோரச் சிற்றூர்களில் அரசு தொடங்கிய நண்பகல் கஞ்சித் திட்டம், பிடியரி செய்த பணியைப் பெரிய அளவில் ஏற்றுக்கொண்டது. அத்திட்டத்தை மேற்பார்க்கும் பள்ளிக் குழுவில் பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர்க்கு முதலிடம் தரப்பட்டுள்ளது. ஆசிரியர் நியமனம் மேலாளரிடம் உள்ளது. ஊதியம் அரசுக் கருவூலத்திலிருந்து வருகிறது. சாவறை 2014 நவம்பரில் புனிதராக அறிவிக்கப்பட்டார்; பிரமதி தீர்ப்பு வெளிவந்ததும் அதே ஆண்டில்தான்.