பீடி சுற்றுவோர் குறைந்தபட்சக் கூலி

பீடி சுற்றுவோர் குறைந்தபட்சக் கூலி என்பது ஆயிரம் பீடிக்கு இவ்வளவு எனப் பொதுவாக மாநில அரசுகள் அறிவிக்கும் கூலி. இந்தியாவில் இத்தொழிலின் பெரும்பகுதி வீடுகளில்தான் நடக்கிறது. தமிழ்நாட்டில் திருநெல்வேலி, தென்காசி, வேலூர் வட்டாரங்களில் பெரும்பாலும் பெண்களே பீடி சுற்றுகின்றனர்.

கூலி குறையும் வழிகள்

இலையையும் தூளையும் ஏஜெண்டிடம் எடை போட்டு வாங்கி, சுற்றிக் கட்டிய பீடியை அவரிடமே ஒப்படைப்பது வழக்கம். கொடுத்த இலை போதாவிட்டால் தொழிலாளி கைக்காசில் வாங்கி எண்ணிக்கையை நிறைக்க வேண்டும். தரமில்லை என்று கழித்த பீடிக்குக் கூலி கிடைக்காது. விகிதம் மாறாமலே கைக்கு வரும் பணம் இவ்வாறு குறைகிறது.

முதலாளி யார்?

1948 குறைந்தபட்ச ஊதியச் சட்டத்தின் அட்டவணையில் பீடித் தொழில் இடம்பெற்றது. பொருளை வாங்கிச் சென்று வீட்டில் வேலை செய்பவரையும் அச்சட்டம் தொழிலாளியாகக் கருதியது. ஆனால் கம்பெனிக்கும் தொழிலாளிக்கும் நடுவே ஏஜெண்டாக ஒப்பந்தக்காரர் நின்றதால் பொறுப்பை யார்மீது சுமத்துவது என்பது சிக்கலானது. தொழிற்சாலைக்கு வந்து பீடி சுற்றியவர்கள் தொழிற்சாலைச் சட்டப்படி தொழிலாளர்களா என்ற கேள்விக்கே உச்ச நீதிமன்றம் 1960–61இல் ஒரு வழக்கில் ஆம் என்றும், இன்னொன்றில் இல்லை என்றும் விடை தந்தது.

1966 சட்டம்

பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் (1966) வீட்டில் சுற்றுவோரைத் தன் வரம்புக்குள் வெளிப்படையாகக் கொண்டுவந்தது. ஒப்பந்தக்காரருக்குப் பின்னால் உள்ள முதன்மை முதலாளியையும் பொறுப்பாளியாக்கியது. மூலப்பொருள் வழங்கல், பீடியைக் கழித்தல், கழித்த பீடிக்கான கூலி ஆகிய தகராறுகளைத் தீர்க்கத் தனி அதிகாரிக்கு வழி செய்தது.

கேரளத்தில் சட்டம் அமலானபோது மங்களூர் கணேஷ் பீடி நிறுவனம் அங்கிருந்த தன் கிளைகளை மூடியது. வேலையிழந்தவர்களுக்காகக் கண்ணூரில் 1969இல் தினேஷ் பீடி கூட்டுறவு தொடங்கப்பட்டது. அங்கே பொதுக் கூடங்களில் வேலை நடந்ததால் கூலிக் கணக்கு எல்லோர் கண்முன்னும் இருந்தது. சட்டத்தை எதிர்த்து கணேஷ் பீடி நிறுவனம் தொடுத்த வழக்கில், 1974இல் உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. பீடியைக் கழிக்கும் உரிமையே முதலாளியின் கட்டுப்பாட்டுக்குச் சான்று என்று கூறி, 1985இல் அதே நீதிமன்றம் வீட்டுத் தொழிலாளர்களுக்கு வருங்கால வைப்பு நிதியையும் உறுதி செய்தது.

ஓட்டையும் சான்றும்

யாரிடமும் கூலிக்கு வேலை செய்யாமல், சொந்த வீட்டில் குடும்பத்தோடு பீடி தயாரிப்பவருக்கு 1966 சட்டம் விலக்கு அளித்தது. இதைப் பயன்படுத்தி, இலையையும் தூளையும் 'விற்று' பீடியை 'வாங்குவதாக' ஒப்பந்தக்காரர்கள் கணக்கெழுதினர். ஏட்டில் தொழிலாளி வியாபாரியானார். கூலி கேட்கும் உரிமை போயிற்று. எனவே வழங்கிய இலை, ஒப்படைத்த பீடி ஆகியவற்றைப் பதியும் கணக்குப் புத்தகமும், 1976 பீடித் தொழிலாளர் நல நிதிச் சட்டத்தை ஒட்டி வந்த அடையாள அட்டையும் கூலி வழக்குகளில் முக்கியச் சான்றுகளாயின.

பிற்காலம்

வீட்டு வேலைக்கும் ஊதியச் சமத்துவம் கோரும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 177ஆம் உடன்படிக்கை 1996இல் நிறைவேறியது. இந்தியா அதை ஏற்புறுதி செய்யவில்லை. 1948 சட்டம் 2019 ஊதியச் சட்டத் தொகுப்பிலும், 1966 சட்டம் 2020 பணிப் பாதுகாப்புத் தொகுப்பிலும் இணைக்கப்பட்டன. இரு தொகுப்புகளும் 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தன.