பள்ளத்தில் மறைந்த இரு சைக்கிள்கள்

திருவனந்தபுரத்தில் வந்து குடியேறும் தமிழருக்கு மலையாளம் சில மாதங்களில் பழகிவிடுகிறது. அந்நகரத்துச் சாலைகளின் ஏற்றமும் இறக்கமும் அத்துணை விரைவில் பழகுவதில்லை. காவிரிச் சமவெளியில் சைக்கிள் மிதித்து வளர்ந்த எனக்கு இது அனுபவத்தில் தெரிந்த செய்தி. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு விடியற்காலை, பத்திரிகை போடும் பையன் ஒருவன் எங்கள் தெருச் சரிவில் மிதித்து ஏறிக்கொண்டிருந்தான். மேட்டின் மறுபுறமிருந்து வந்த மோட்டார் சைக்கிள்காரர் அவனைக் கண்டபோது இடையே பத்து முழமும் இல்லை. பையன் முழங்காலைத் தேய்த்துக்கொண்டு எழுந்தான். மற்றவர் எழ நெடுநேரமாயிற்று. அவருடைய தலைக்கவசத்தில் உள்ளங்கை அகலத்திற்கு விரிசல் கண்டிருந்தது. கவசம் உடைந்தது, தலை பிழைத்தது. அவ்விரிசலுக்குப் பின்னே ஒரு பழைய வரலாறு உண்டு.

1935 மே 13. அரேபியாவின் லாரன்ஸ் என்று உலகம் அறிந்த டி. ஈ. லாரன்ஸ், இங்கிலாந்தின் டார்செட் மாவட்டத்தில் நண்பர் ஒருவருக்குத் தந்தி கொடுத்துவிட்டு, தமது பிரஃப் சுபீரியர் மோட்டார் சைக்கிளில் வீடு திரும்பினார். வழியில் சாலை ஓரிடத்தில் தாழ்ந்து எழும். அப்பள்ளத்தில் சைக்கிளில் சென்ற சிறுவர் இருவர் அவர் கண்ணுக்குப் புலப்படவில்லை. கண்ட கணத்தில் வண்டியை ஒடித்தார். ஒரு சைக்கிளில் உராய்ந்து தூக்கியெறியப்பட்டார். தலையில் கவசம் இல்லை. ஆறு நாள் நினைவின்றிக் கிடந்து, 46-ஆம் வயதில் காலமானார். அடிபட்ட சிறுவன் பிழைத்துக்கொண்டான்.

மொழிபெயர்ப்பாளர்களாகிய எங்களுக்கு லாரன்ஸிடம் தனிப் பற்று உண்டு. 1927 முதல் ஈராண்டுகள், வேறு பெயரில் விமானப் படைச் சிப்பாயாகக் கராச்சியிலும் மிரான்ஷாவிலும் பணிபுரிந்தவர் அவர். ஹோமரின் ஒடிஸியை ஆங்கிலமாக்கத் தொடங்கியதும் அக்காலத்தில்தான்.

அவரைக் காப்பாற்ற முயன்ற மருத்துவர்களுள் ஒருவர் ஹியூ கெய்ர்ன்ஸ். ஆஸ்திரேலியாவிற் பிறந்தவர், அமெரிக்காவில் ஹார்வி குஷிங்கிடம் மூளை அறுவை பயின்றவர். அம்மரணத்தை அவர் மறக்கவில்லை. உலகப் போர் மூண்டபோது, இராணுவச் செய்தி கொண்டு செல்லும் மோட்டார் சைக்கிள் வீரர் பலர் தலை உடைந்து மாண்டனர். போருக்கு முந்தைய 21 மாதங்களில் பிரிட்டனில் மாண்ட மோட்டார் சைக்கிள்காரர் 1,884 பேர். போரின் முதல் 21 மாதங்களில் 2,279 பேர். பெட்ரோலுக்குப் பங்கீடு இருந்தும் சாவு கூடியது! கவசம் அணிந்து விபத்துக்குள்ளான எழுவரைக் கெய்ர்ன்ஸ் கண்டார்; எழுவரும் உயிர் பிழைத்தனர். இவற்றை 1941 அக்டோபரில் அவர் வெளியிட்டார். அடுத்த மாதமே பிரிட்டிஷ் இராணுவம் பணியில் செல்லும் வீரர்க்குக் கவசத்தைக் கட்டாயமாக்கிற்று. ஆக்ஸ்போர்டில் ஹோல்பர்ன் என்னும் பௌதிக அறிஞர் ஜெலாட்டினால் மூளையின் உருவம் செய்து ஆராய்ந்தார். தலை சட்டெனச் சுழலுவதே மூளைக்குப் பெருங்கேடு என்று 1943-இல் எழுதினார்.

இராணுவம் ஒரு மாதத்தில் செய்ததைப் பொதுச் சட்டம் செய்ய வெகுகாலம் பிடித்தது. பிரிட்டனில் அது 1973-இல் வந்தது. கெய்ர்ன்ஸ் 1952-இலேயே மறைந்துவிட்டார். நம் நாட்டில் 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-ஆம் பிரிவு இதனை விதித்தது. கேரளத்தில் பின்னிருக்கையில் அமர்வோரும் அணிய வேண்டும் என்பது 2019 டிசம்பர் முதல் நடைமுறைக்கு வந்தது.

இத்தனை சட்டங்களும் மோதிய இருவருள் ஒருவரையே நினைத்தன என்பதுதான் என் மனத்தை உறுத்துகிறது. அந்த 129-ஆம் பிரிவில் சைக்கிள்காரரைப் பற்றிச் சொல்லே இல்லை. சைக்கிளுக்கும் கவசத்தை முதலில் கட்டாயமாக்கியது, 1990-இல், கெய்ர்ன்ஸ் பிறந்த ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம். ஆயின் கூலிக்கு மிதிப்பவனிடம் கவசம் எங்கே என்று அபராதம் கேட்பதும் எனக்கு உவப்பன்று. மேட்டை நெருங்குமுன் வேகத்தைக் குறைக்க வேண்டியவர் எந்திரத்தின் மேல் இருப்பவரே.

விபத்து நடந்த மறு வாரம் மழை பெய்துகொண்டிருந்தது. அப்பையன் அதே சரிவில் பத்திரிகைக் கட்டுடன் ஏறினான். தலையில் ஒரு பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்திருந்தான்.