குமிழும் எண்ணெயும்

மோட்டார் சைக்கிள் சவாரியின் சுகத்தைப் பேசுகிறவர்கள், 1930-களின் வண்டிகளுள் பெரும்பாலானவற்றில் பின்சக்கரம் சட்டத்தோடு விறைப்பாகவே பிணைந்திருந்தது என்பதையும், பாதையின் மேடுபள்ளம் யாவும் ஆசனத்தின் அடியிலிருந்த சுருள்வில்களைத் தாண்டி ஓட்டுகிறவனின் முதுகெலும்பில் வந்து முடிந்தன என்பதையும் அநேகமாக மறந்துவிட்டார்கள். முன்பக்கத்தில் மட்டும் கர்டர் ஃபோர்க் என்ற ஏற்பாடு உண்டு. அதன் வில் ஓயாமல் துள்ளாதபடி, ஒன்றோடொன்று உராயும் வட்டத் தகடுகள் அடக்கி வைத்தன. அவற்றை இறுக்கவும் தளர்த்தவும் ஒரு குமிழ் இருந்தது. மெல்லப் போகையில் தளர்த்துவதும் வேகமெடுக்கையில் திருகுவதும் ஓட்டுகிறவனின் சாமர்த்தியம்.

ஆயினும் உராய்வுக்கு ஒரு வக்கிர குணம் உண்டு. அசையாதிருப்பதை அது இறுகப் பற்றும். அசைந்துவிட்டாலோ பிடியை நெகிழ்த்திவிடும். ஆகவே சிறு சரளைக்கல்லில் ஃபோர்க் மரக்கட்டையாய் நின்றது; பெரும்பள்ளத்தில் கேட்பாரற்று ஆடியது. எண்ணெயின் சுபாவமோ நேர்மாறானது: சிறு துவாரத்தின் வழியே மெல்லத் தள்ளினால் வழிவிடும், வேகமாகத் தள்ளினால் எதிர்த்து நிற்கும். இந்தச் சுபாவத்தை நம்பித்தான் 1935-இல் பி.எம்.டபிள்யூ. தன் ஆர்12 வண்டிக்கு எண்ணெய் அடங்கிய குழல் ஃபோர்க்கைப் பொருத்தியது.

பின்சக்கரத்துக்கு அந்தப் பாக்கியம் கிட்டத் தாமதமாயிற்று. சேற்றுப் பந்தயக்காரர்கள், விறைப்பான சக்கரமே மண்ணைப் பற்றும் என்று பிடிவாதமாக இருந்தார்கள். 1948-இல் பின்புறமும் அசையும் சட்டத்தோடு ராயல் என்ஃபீல்டு புல்லட் களமிறங்கியபோது அவர்கள் முகம் சுளித்திருக்கலாம். ஆனால் அதே ஆண்டு இத்தாலியின் சான் ரெமோவில் ஆறு நாள் பந்தயத்தை வென்ற பிரிட்டிஷ் அணியில் இரண்டு புல்லட்டுகள் இருந்தன. வெலோசெட் கம்பெனியார் இன்னொரு யுக்தி கண்டார்கள்: வில்லின் மேல்முனையை வளைந்த பள்ளத்தில் நகர்த்தி நிறுத்தும் ஏற்பாடு. வில் செங்குத்தானால் விறைக்கும், சாய்ந்தால் இளகும். பின்னால் ஆள் ஏறினால் நகர்த்திக்கொள்ளலாம். என் ரசனைக்கு அதைவிட அழகான சாதனம் வேறில்லை.

புல்லட், 1955-இல் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியாவின் வழியே நம் திருவொற்றியூருக்கும் வந்தது. அந்தப் பக்கத்துப் பட்டறை ஒன்றில் நான் பார்த்தேன்: முதிய மெக்கானிக் ஒருவர் ஃபோர்க்கிலிருந்து கறுத்த எண்ணெயை வடித்து, அளவுக் குடுவையைக் கண்மட்டத்துக்கு உயர்த்திப் பார்த்துப் புதிய எண்ணெயை ஊற்றினார். பிறகு ஹேண்டில்பாரை இருமுறை அமுக்கிவிட்டுச் சொன்னார்:

"இன்னும் கொஞ்சம் கெட்டி ஆயிலா ஊத்தணும், சார்."